உலோகத்தின் தோலைப் பார்க்காமல் எண்ணெயைத் திட்டுகிறோம்

விழுப்புரம் மாவட்டம் முகையூர் வட்டாரத்தில் டிராக்டர் இன்ஜினைப் பிரித்துப் பரப்பி வைத்திருக்கும் எந்த மெக்கானிக் கொட்டகைக்குப் போனாலும் தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும்: "ஆயில் சரியில்லீங்க." லைனர் தேய்ந்தாலும் ஆயில், கிராங்க் பேரிங் உரிந்தாலும் ஆயில், வண்டி நீலப்புகை கக்கினாலும் ஆயில். வண்டிக்காரரும் மறுபேச்சு பேசுவதில்லை. எண்ணெய் கண்ணுக்குத் தெரிகிறது, கறுத்துக் கிடக்கிறது, விரலில் தொட்டால் பசை இல்லை, கடைசியாக மாற்றிய தேதி யாருக்கும் நினைவில் இல்லை. திருடன் கையும் களவுமாகப் பிடிபட்ட மாதிரிதான். ஆனால் அந்தக் கொட்டகையில் யாரும் விசாரிக்காத இன்னொருவர் இருக்கிறார். லைனரின் உட்சுவரும் கிராங்க் கழுத்தின் மேற்பரப்பும் எந்தக் கல்லால், எந்தத் திசையில், எவ்வளவு நுணுக்கமாகச் சாணை பிடிக்கப்பட்டன என்ற கேள்வியே எழுவதில்லை. எண்ணெய்க்குப் பங்கில்லை என்று நான் சொல்ல வரவில்லை. தேய்மானத்தில் பெரும்பகுதி எண்ணெய் தோற்றுப்போகும் கணங்களில்தான் நடக்கிறது. அந்தக் கணங்களில் இயந்திரத்தைக் காப்பாற்றுவதும் கைவிடுவதும் உலோகத்தின் தோல்தான். அந்தத் தோலை நாம் அளப்பதும் இல்லை, அதற்குத் தனிக் கூலி கொடுப்பதும் இல்லை என்பதே என் குறை.

கண்ணாடிபோலப் பளபளக்கும் எஃகுத் துண்டைக்கூட நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் மேடும் பள்ளமுமாகச் செஞ்சி மலைத்தொடர்போலத் தெரியும். (உயரத்தைப் பெரிதாக்கிக் காட்டும் படங்கள் செய்யும் வேலை இது. உண்மையில் அந்த மேடுகள் சில பாகை சரிவு மட்டுமே உள்ளவை, செஞ்சியைவிடச் சாதுவானவை.) இரண்டு உலோகங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் இந்த மேடுகளின் உச்சிகள் மட்டும்தான் தொட்டுக்கொள்கின்றன. கேம்பிரிட்ஜில் வேலை செய்த போடன், டேபர் என்ற இரு விஞ்ஞானிகள் 1950இல் வெளியிட்ட புத்தகத்தில் இதை அழுத்தமாக நிறுவினார்கள். கணக்கு எளிது: சுமையை உலோகத்தின் கடினத்தன்மையால் வகுத்தால் உண்மையில் தொடும் பரப்பு கிடைக்கும். ஒரு சதுர சென்டிமீட்டர் அடிப்பரப்புள்ள சாதாரண எஃகுத் துண்டின் மேல் 10 கிலோ எடையை வைத்தால், அது கீழே தொடுவது அந்தப் பரப்பில் ஏறக்குறைய 2,000இல் ஒரு பங்குதான். மொத்தச் சுமையையும் அந்த ஊசிமுனை இடங்களே தாங்குகின்றன. அங்கே உலோகம் நசுங்குகிறது, ஒட்டுகிறது, நகர்த்தினால் பிய்கிறது. அந்தப் பிய்ச்சலுக்குத்தான் தேய்மானம் என்று பெயர். எண்ணெயின் வேலை இந்த உச்சிகளை ஒன்றையொன்று தொடவிடாமல் பிரித்து வைப்பது. அப்படியானால் எண்ணெய்ப் படலம் எவ்வளவு தடிமன், மேடுகள் எவ்வளவு உயரம் என்ற இரண்டையும் சேர்த்துத்தானே கேட்க வேண்டும்? நாம் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறோம்.

எண்ணெய் மேல் நமக்குள்ள இந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. 1883இல் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுத் தாங்கிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் மேல்பக்கம் போட்ட துளை வழியே எண்ணெய் திரும்பி வெளியே வழிந்தது. கார்க்கை வைத்து அடைத்தார், பிதுக்கித் தள்ளியது. மரமுளையை அடித்தார், அதையும் தள்ளியது. சுழலும் அச்சு தானே எண்ணெயை இடுக்குக்குள் இழுத்து, பெரும் அழுத்தத்தை உண்டாக்கி, அந்த அழுத்தத்தின் மேல் மிதக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணிதம் எழுதினார். அச்சு மிதந்தபடி ஓடும்வரை உலோகம் உலோகத்தைத் தொடாது, தேய்மானமும் ஏறக்குறைய இல்லை. ஆனால் ஜெர்மனியின் ரிச்சர்ட் ஸ்டிரிபெக் 1902இல் வெளியிட்ட அளவீடுகள் மறுபக்கத்தைக் காட்டின. வேகம் குறைந்தால், சுமை ஏறினால், எண்ணெய் சூடாகி நீர்த்தால் அச்சு மெல்ல இறங்கி மேடுகளின் மேல் உட்கார்ந்துவிடுகிறது. நம் டிராக்டரில் அது எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்று பாருங்கள். இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடும்போது பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை நின்று திரும்புகிறது. நிமிடத்துக்கு 4,000 நிறுத்தம், ஒரு மணி நேர உழவுக்கு 2,40,000 நிறுத்தம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ரிங்கின் வேகம் சுழியம். மேலே நிற்கும்போதோ எரியும் வாயுவின் அழுத்தமும் வெப்பமும் உச்சத்தில் இருக்கின்றன. லைனரின் மேல்முனையில், ரிங் திரும்பும் இடத்தில், நகத்தில் தட்டும் விளிம்பு ஒன்று உருவாவதை எல்லா மெக்கானிக்கும் பார்த்திருப்பார்கள். எண்ணெய் வேலை செய்ய முடியாத இடத்தின் எல்லைக்கோடு அது.

இதைவிடத் தெளிவான சாட்சி நம் மாவட்டத்துச் சர்க்கரை ஆலைத் தொழிலில் இருக்கிறது. முண்டியம்பாக்கத்துக்கும் பெரியசெவலைக்கும் கரும்பு ஏற்றிப்போகிறவர்கள் ஆலை வாசலில் காத்துக் கிடப்பதை அறிவார்கள். உள்ளே அந்தக் கரும்பைப் பிழியும் உருளைகள் எப்படித் தாங்கப்படுகின்றன என்பதை அறிந்தவர்கள் குறைவு. பொதுவாகச் சர்க்கரை ஆலைகளில் உருளையின் எஃகு அச்சுக் கழுத்து, செம்பும் வெள்ளீயமும் துத்தநாகமும் கலந்த கன்மெட்டல் தாங்கிக்குள் சுழல்கிறது. மேலிருந்து நூற்றுக்கணக்கான டன் அழுத்தம். வேகமோ நிமிடத்துக்கு நான்கைந்து சுற்று. கழுத்தின் விட்டம் அரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால் அது நொடிக்கு 13 சென்டிமீட்டர்தான் நகர்கிறது. எருமை நடையைவிட மெதுவு. டவர் கண்ட மிதப்பு இந்த வேகத்தில் முழுமையாகக் கைகூடுவதில்லை. தார்போலக் கனத்த எண்ணெய் ஊற்றினாலும், தண்ணீர் ஓடவிட்டுத் தாங்கியைக் குளிர்வித்தாலும், உச்சிகள் ஓரளவுக்கு உரசிக்கொண்டேதான் இருக்கும். போதாததற்குக் கரும்புச் சாறும் சக்கைத் துகளும் இடுக்கில் நுழையப் பார்க்கும். இருந்தும் அந்தத் தாங்கிகள் மாதக்கணக்கில் இரவு பகலாக ஓடுகின்றன. எஃகும் கன்மெட்டலும் ஒன்றோடொன்று எளிதில் ஒட்டிக்கொள்ளாத ஜோடி என்பது ஒரு காரணம். கழுத்து மெருகேற்றப்பட்டிருப்பது இன்னொன்று. அரவை இல்லாத மாதங்களில் ஃபிட்டர்கள் கழுத்தில் நீலம் தடவி, தாங்கியை அதன்மேல் வைத்துத் திருப்பி, நீலம் ஒட்டிய உச்சிகளை மட்டும் ஸ்கிராப்பரால் சுரண்டி, மறுபடியும் நீலம் தடவிப் பார்ப்பார்கள். நாள் முழுக்க நடக்கும் பொறுமையான வேலை. இதில் ஒரு சொட்டு எண்ணெய்க்கும் இடமில்லை. எண்ணெய் தோற்கப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்து, தோற்ற பிறகு வரும் நிலைமைக்கு உலோகத்தைத் தயார் செய்கிறார்கள்.

ஆலை பெரிய இடம், விவசாயியின் கைக்கு எட்டாதது என்று தோன்றலாம். அப்படியானால் அவருடைய ஆழ்துளைக் கிணற்றுக்குள்ளேயே இறங்குவோம். தென்பெண்ணையை ஒட்டிய ஊர்களிலும்கூட நெல்லும் கரும்பும் மல்லாட்டையும் இன்று பெரும்பாலும் நிலத்தடி நீரை நம்பித்தான் விளைகின்றன. அந்த நீரை மேலே தள்ளும் சப்மெர்சிபிள் மோட்டார்கள் பலவற்றில் எண்ணெயே கிடையாது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். தண்ணீர் நிரப்பிய மோட்டார்களில் மசகு அந்தத் தண்ணீர்தான். பம்ப் நீரை மேலே தள்ளும்போது அதே விசை ரோட்டாரைக் கீழே அமுக்குகிறது. சில நெல் மூட்டைகளின் எடை அளவுக்கு அது இருக்கும். அந்தச் சுமையை மோட்டாரின் அடியில் ஒரு கார்பன் வட்டும் அதற்கு எதிரே சற்றே சாய்ந்துகொடுக்கும் சின்னச் சின்ன ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டைகளும் தாங்குகின்றன. மிதக்கும் சாய்பட்டைத் தாங்கியின் இந்த யோசனை ஆஸ்திரேலியாவின் மிச்செல் 1905இல் காப்புரிமை பெற்றது. அமெரிக்காவில் கிங்ஸ்பரியும் தனியாக இதையே கண்டுபிடித்தார். 40 டிகிரி வெப்பத்தில் தண்ணீரின் பாகுத்தன்மை இன்ஜின் ஆயிலின் பாகுத்தன்மையில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,900 சுற்றில் ஓடினாலும் தண்ணீர் கொடுக்கும் படலம் சில மைக்ரான்தான். தலைமுடியின் தடிமனோ 70 மைக்ரான் அளவு இருக்கும். லேத்தில் சாதாரணமாகக் கடைந்த பரப்பில் மேடுகளே அந்தப் படலத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே நிற்கும். அதனால்தான் அந்தப் பட்டைகளையும் கார்பனையும் தட்டையான தகட்டில் தேய்க்கும் பசை போட்டு லேப்பிங் செய்து, சொரசொரப்பை ஒரு மைக்ரானில் சில பத்திலொரு பங்குக்கும் கீழே கொண்டுவருகிறார்கள். தண்ணீரை மாற்றி நல்ல தண்ணீர் ஊற்று என்று இங்கே யாரும் சொல்ல முடியாது. முழுப் பாரமும் மேற்பரப்பின் தலையில்.

மோட்டார் எரிந்து ரீவைண்டிங் கடைக்கு வரும்போது என்ன நடக்கிறது? செம்புக் கம்பி எத்தனை கிலோ என்பதில்தான் பேச்சு முழுவதும். கார்பன் தேய்ந்தால் ரோட்டார் சற்றுக் கீழிறங்கும், பம்பின் இம்பெல்லர்கள் உரசத் தொடங்கும், மோட்டார் இழுக்கும் மின்சாரம் கூடும், கடைசியில் கம்பி எரியும். எரிந்ததை மாற்றுகிறார்கள். எரியவைத்தது அதே கீறலோடு திரும்பக் கிணற்றுக்குள் போகிறது, அல்லது புதுக் கார்பனுக்கு எதிரே கீறல் விழுந்த பழைய பட்டைகள் வைக்கப்படுகின்றன. 1990 முதல் பம்புசெட்டுக்கு மின்சாரம் முழு இலவசம் என்பதால் கூடுதலாக ஓடும் யூனிட் விவசாயிக்கு வலிக்காது, வலி மின்வாரியத்துக்கு. ரீவைண்டிங் பில் மட்டும் அவர் தலையில். இந்தியத் தர நிர்ணய அமைப்பு இந்த மோட்டார்களுக்கு ஐஎஸ் 9283 என்று தனித் தரம் வைத்திருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வரும் புது மோட்டார் அதற்குக் கட்டுப்பட்டது. பழுது பார்த்த மோட்டார் எதற்கும் கட்டுப்பட்டதில்லை.

சரி, எல்லாவற்றையும் கண்ணாடிபோல வழவழப்பாக்கிவிட்டால் தீர்ந்ததா? இங்கேதான் விஷயம் சுவையாகிறது, அனுபவமுள்ள பட்டறைக்காரர்களே சறுக்குவதும் இங்கேதான். சொரசொரப்பை ஒரே எண்ணால் சொல்வது வழக்கம். மேடு பள்ளங்களின் சராசரி அது. இரண்டு வயல்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் சமமான மண், நடுநடுவே வாய்க்கால் வெட்டியிருக்கிறது. இன்னொன்றில் சமமான மண்ணின் மேல் நடுநடுவே மண்குவியல்கள். வாய்க்காலின் ஆழமும் குவியலின் உயரமும் ஒன்றானால் சராசரி இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் பரம்பு ஓட்டிப் பாருங்கள். முதல் வயலில் பரம்பு வழுக்கிக்கொண்டு போகும், இரண்டாவதில் முட்டி முட்டி நிற்கும். இன்ஜின் லைனரில் பிஸ்டன் ரிங்தான் பரம்பு. நல்ல லைனரின் உட்சுவரில் ஒன்றையொன்று சாய்வாக வெட்டும் கோடுகள் கண்ணுக்கே தெரியும். ஹோனிங் கல் போட்ட கோடுகள் அவை. கோடுகளுக்கு இடைப்பட்ட தரையைச் சமமாக்கி, கோடுகளை மட்டும் வாய்க்காலாக விட்டுவைப்பதுதான் கைத்திறன். ரிங் நின்று திரும்பும் அந்தக் கணத்துக்குத் தேவையான எண்ணெயை அந்த வாய்க்கால்தான் சேமித்துக் கொடுக்கிறது. வார்ப்பிரும்புக்கு இன்னொரு வரமும் உண்டு: அதற்குள் கிராஃபைட் செதில்களாகக் கலந்திருக்கிறது. பரப்பில் அது வெளிப்படும் இடமெல்லாம் தானே வழுக்கும், எண்ணெயையும் பிடித்துக்கொள்ளும். இந்த வாய்க்கால்களைத் தூர்த்துக் கண்ணாடியாக்கிவிட்டால் ரிங் சரியாகப் பொருந்தாது, எண்ணெய் மேலே ஏறி எரியும். வண்டி "ஆயில் குடிக்குது" என்பார்கள். டீசல் இன்ஜினைச் சுமையில்லாமல் நெடுநேரம் சும்மா ஓடவிட்டாலும் இதே கண்ணாடிப் பூச்சு படியும். பழைய லைனரை உள்ளே விட்டுப் புது ரிங்கை மட்டும் போடும்போது நடப்பதும் இதுதான். பில்லில் புதுச் சாமான் ஏறியிருக்கும், தேய்மானம் குறைந்திருக்காது.

திசையும் ஒரு பொருட்டு. கரும்புத் தோகையை அடியிலிருந்து நுனிக்கு உருவினால் கை வழுக்கும், நுனியிலிருந்து அடிக்கு உருவினால் கையைக் கிழிக்கும். சாணை பிடித்த உலோகமும் அப்படித்தான். பல டிராக்டர், கார் இன்ஜின்களில் கிராங்க் வார்ப்பிரும்பால் ஆனது. அதில் கிராஃபைட் உருண்டை உருண்டையாக இருக்கும். கிரைண்டிங் கல் ஓடும்போது அந்த உருண்டைகளின் விளிம்பில் இரும்பு மெல்லிய சுணைபோல மடிந்து நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் சரியாகத் தெரியாது. கடைசி மெருகை இன்ஜின் சுழலும் திசையைக் கருத்தில் வைத்துப் போட்டால்தான் சுணை நீங்கும், மிச்சம் இருப்பதும் தோகையின் நல்ல பக்கம்போலப் படுத்துக்கொள்ளும். கவனிக்காமல் விட்டால் மென்மையான பேரிங் உறையை அது அரம்போல ராவி எடுத்துவிடும். வேலை முடிந்த கிராங்கை உப்புத்தாளால் நாலு இழுப்பு இழுத்து அனுப்புவது பல பட்டறைகளில் உள்ள பழக்கம். அந்த நாலு இழுப்பு எந்தப் பக்கம் என்று கேட்டால் பதில் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள், ஆனால் கேட்பவர் இல்லை.

"இவ்வளவு யோசிப்பானேன், எல்லாவற்றையும் கெட்டியான எஃகில் செய்துவிட்டால் தேயாதே" என்பது அடிக்கடி வரும் மறுப்பு. அதற்கு அறிவியல் ஆதாரமும் உண்டு. ஆர்ச்சர்ட் என்ற ஆய்வாளர் 1953இல் தந்த விதிப்படி தேய்மானம் சுமைக்கும் உரசும் தூரத்துக்கும் நேர்விகிதம், கடினத்தன்மைக்கு எதிர்விகிதம். கியர் பற்களைக் கார்பன் ஏற்றித் தோலை மட்டும் கடினமாக்குவது இதனால்தான். ஆனால் நம் ஊர்ப் புழுதியைக் கணக்கில் சேர்த்தால் கதை மாறுகிறது. செம்மண் புழுதியில் உள்ள குவார்ட்ஸ் துகள், கடினமாக்கிய எஃகையும் கீறக்கூடியது. ஏர் ஃபில்டரைத் தட்டித் தட்டி ஓட்டும் வண்டிக்குள் அது நுழையாமல் இருக்காது. இரண்டு பரப்பும் கெட்டியாக இருந்தால் துகள் நடுவில் சிக்கி இரண்டையும் உழும். ஒன்று மென்மையாக இருந்தால் துகள் அதற்குள் புதைந்து அடங்கிவிடும். 1839இல் ஐசக் பாபிட் காப்புரிமை பெற்ற தாங்கிக்குப் பிறகு வெள்ளீயம் கலந்த மெத்தென்ற உலோகம் இத்தனை காலம் நிலைத்ததற்கு இதுவே காரணம். இன்று டிராக்டர் பேரிங் உறைகளில் வேறு கலவைகள் வந்துவிட்டாலும் தத்துவம் அதேதான். கெட்டியான அச்சு, மெத்தென்ற உறை. இந்த ஜோடியைக் கலைத்து, கிடைத்ததைப் போட்டு ஓட்டுகிறவர்கள் விலை உயர்ந்த கிராங்கைப் பலி கொடுத்து மலிவான உறையைக் காப்பாற்றுகிறார்கள்.

எண்ணெயின் பக்கம் நின்று வாதாடுபவர்களுக்கு வலுவான ஒரு வாதம் இருக்கிறது, அதை மதிக்க வேண்டும். இன்றைய எண்ணெய் வெறும் எண்ணெய் இல்லை. படலம் கிழியும் இடத்திலும் காப்பாற்ற அதில் ரசாயனம் கலந்திருக்கிறது என்கிறார்கள். உண்மைதான். துத்தநாகமும் பாஸ்பரசும் கந்தகமும் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருள் ஏறக்குறைய எல்லா டீசல் இன்ஜின் எண்ணெயிலும் இருக்கிறது. உரசும் இடத்தில் அது சிதைந்து கண்ணாடி போன்ற ஒரு படலத்தைப் பூசுகிறது, தடிமன் 0.1 மைக்ரான் அளவுதான். ஆனால் இந்த மருந்து வேலை செய்வதும் உலோகத்தின் தோலோடு சேர்ந்துதான். இரும்பின் மேல் பிடிக்கும் படலம் எல்லா உலோகத்தின் மேலும் அதேபோலப் பிடிப்பதில்லை. சொரசொரப்பான பரப்பில் அது போடும் வேகத்தைவிடச் சுரண்டப்படும் வேகம் கூடினால் தோற்றுப்போகும். கியர் எண்ணெயில் கந்தகம் தூக்கலாக உள்ள வகைகள் எஃகுப் பற்களைக் காப்பாற்றும். அதே எண்ணெய் சில பழைய கியர்பாக்ஸ்களில் உள்ள பித்தளை, வெண்கலப் பாகங்களை அரித்துவிடும். நல்ல எண்ணெய், கெட்ட எண்ணெய் என்று தனியாக ஒன்றும் இல்லை; இந்த உலோகத்துக்கு நல்லது எது என்பதே கேள்வி. பழைய எண்ணெயையே ஓட்டுவது, கலப்பட எண்ணெய் வாங்குவது, ஃபில்டரை மாற்றாமல் விடுவது எல்லாம் தவறுதான். அவற்றைத் திருத்துங்கள் என்று நாற்பது ஆண்டுகளாக எல்லோரும் சொல்கிறார்கள். சொல்லாமல் விட்ட பாதியைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

"ஓட ஓடத் தானே வழவழப்பாகிவிடும்" என்பது இன்னொரு மறுப்பு. ரன்னிங்-இன் என்ற பெயரில் இதை எல்லோரும் நம்புகிறோம், அதில் உண்மையும் இருக்கிறது. புதுப் பரப்புகள் முதல் சில மணி நேரங்களில் ஒன்றையொன்று தேய்த்து, கூரிய உச்சிகளை இழந்து, பொருந்திக்கொள்கின்றன. ஆனால் இழந்த உச்சிகள் மாயமாவதில்லை, எண்ணெயில் கலந்து மற்ற இடங்களுக்குப் போகின்றன. புது இன்ஜினுக்கு முதல் எண்ணெயைச் சீக்கிரம் மாற்றச் சொல்வது அதனால்தான். தொடக்கப் பரப்பு ஓரளவு சரியாக இருந்தால்தான் இந்தப் பொருத்தம் பதமாக முடியும். மேடுகள் மிக உயரமாக இருந்தால் அவை தேய்ந்து முடிவதற்குள் மென்மையான உறை போய்விடும். வாய்க்காலே இல்லாமல் மிக வழவழப்பாக இருந்தால் பொருத்தம் தொடங்கவே தொடங்காது. கொதிக்கிற சோறு தானே வெந்துவிடும் என்பது சரி, உலையில் தண்ணீர் வைத்திருந்தால். பால் பேரிங் விஷயத்தில் இந்த நம்பிக்கைக்குத் துளியும் இடமில்லை. அதன் ஓடுபாதை தொழிற்சாலையிலேயே மிக நுணுக்கமாக மெருகேற்றப்பட்டு வருகிறது. அதை வெளிவளையத்தில் சுத்தியலால் அடித்து அச்சில் ஏற்றும்போது ஒவ்வொரு அடியிலும் குண்டுகள் பாதையில் குழி பதிக்கின்றன. பிறகு அது ஓட ஓடச் சரியாவதில்லை. குழியிலிருந்து செதில் பெயர்கிறது. அப்போதும் பழி கிரீஸ் மேல்தான்.

மிச்சமிருப்பது பணம் பற்றிய மறுப்பு, இதுதான் நேர்மையானது. முகையூர்ப் பக்கத்து விவசாயிக்கு நடவுக்கு இரண்டு நாள் முன்னால் டிராக்டர் நின்றால் மைக்ரான் பேச நேரமில்லை. லேத் பட்டறைக்காரருக்கு மாற்றிய சாமானுக்குக் காசு வரும், கூடுதலாகப் போட்ட அரைமணி மெருகுக்கு யார் தருவார்? நியாயமான கேள்வி. ஆனால் செலவு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இயந்திரம் அதே இயந்திரம்தான். நுணுக்கமான கல்லை மாற்றிப் போடுவதற்கும் திசை பார்ப்பதற்கும் ஆகும் நேரம்தான் கூடுதல். அளப்பதற்குப் பெரிய செலவும் வேண்டியதில்லை. கடைந்தது, சாணை பிடித்தது, லேப்பிங் செய்தது என்று ஒவ்வொன்றின் மாதிரியும் எண்ணோடு பொறித்த ஒப்பீட்டுத் தகடுகள் கருவிக்கடைகளில் கிடைக்கின்றன. வேலைப்பொருளின் மேல் ஒருமுறை, தகட்டின் மேல் ஒருமுறை என்று நகத்தை ஓட்டினால் எது எதற்கு ஒத்துவருகிறது என்று பழகிய கைக்குத் தெரிந்துவிடும். நம் மெக்கானிக்குகள் ஏற்கெனவே நகத்தைத்தான் நம்புகிறார்கள், ஒப்பிட ஒரு அடையாளம் இல்லாமல் நம்புகிறார்கள். அதைவிடத் துல்லியம் வேண்டுமென்றால் ஊசிமுனையைப் பரப்பின் மேல் இழுத்துக் கோடு வரைந்து காட்டும் கைக்கருவி இருக்கிறது. ஒரு நல்ல லேத்தின் விலையைவிடக் குறைவு. தனி ஒரு பட்டறை வாங்க வேண்டாம், ஊருக்குப் பொதுவாக ஒன்று போதும்.

அந்தப் பொதுக் கருவி எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு வெகுதூரம் தேட வேண்டியதில்லை. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அரசு ஐடிஐ இருக்கிறது. இயந்திரப் பொறியியல் மாணவர்கள் ஸ்டிரிபெக் வரைபடத்தைத் தேர்வுக்கு வரைகிறார்கள். வரைபடத்தின் இடதுமுனையில், எண்ணெய் தோற்கும் அந்தப் பகுதியில், கல்லூரிக்கு வெளியே ஒரு மாவட்டமே ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை யாரும் அவர்களுக்குக் காட்டுவதில்லை. வாரம் ஒரு நாள் பட்டறைக்காரர்கள் கிராங்கையும் லைனரையும் கொண்டுவந்து அளந்து, எண்ணை ஒரு சீட்டில் எழுதி வாங்கிப்போகலாம் என்று ஆய்வகக் கதவைத் திறந்துவைத்தால், மாணவருக்கும் பாடம், பட்டறைக்கும் பாடம். 1966இல் பிரிட்டிஷ் அரசுக்கு பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழு ஓர் அறிக்கை தந்தது. உராய்வையும் தேய்மானத்தையும் ஏற்கெனவே தெரிந்த அறிவைக்கொண்டே ஒழுங்காகக் கவனித்தால் ஆண்டுக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சம் என்றது. உராய்வியல் என்ற துறைக்கு ஆங்கிலத்தில் பெயர் கிடைத்ததே அந்த அறிக்கையால்தான். அதில் எனக்கு முக்கியமாகப் படுவது தொகை அல்ல. புதுக் கண்டுபிடிப்பு தேவையில்லை, இருக்கும் அறிவு பட்டறைக்குப் போய்ச் சேரவில்லை என்று அது சொன்னதுதான். டெல்லி ஐஐடியில் இந்தத் துறையையும் கவனிக்கும் ஒரு மையம் இருந்து வருகிறது. கோயம்புத்தூரில் பம்புகளைச் சோதிக்கும் சிட்டார்க் நிலையம் இருக்கிறது. தென்பெண்ணைக் கரைக்கு அவற்றின் நிழல் எட்டவில்லை.

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டாம் என்பவர்களுக்கு மூன்று காரியங்கள் உண்டு. கிராங்க் கிரைண்டிங் பில்லில் எத்தனை பாயின்ட் கிரைண்டிங் என்று எழுதுவதுபோலக் கடைசி மெருகு என்ன என்பதையும் எழுதித் தரச் சொல்லலாம். எழுத வேண்டியிருக்கிறது என்றாலே கை தானாக நிதானமாகும். இன்ஜினைப் பூட்டும் முன் லைனருக்குள் டார்ச் அடித்துக் குறுக்குக் கோடுகள் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். ரீவைண்டிங் கடையில் மோட்டாரை மூடும் முன் அடிப்பக்கத்துத் தாங்கிப் பட்டைகளைக் கையில் வாங்கி, கடையின் டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பிடிக்கலாம். லேப்பிங் சரியாக நடந்திருந்தால் டியூப்லைட் அந்தச் சின்னப் பட்டையில் நேர்கோடாகத் தெரியும். கோடு நெளிந்தாலோ, நடுவில் கீறல் வெட்டினாலோ, பட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்ளலாம். மறுபடி தேய்த்துத் தர அரைமணிதான் ஆகும்.